எட்டு வயதுப் பையன் முதல் முறைத்த முகம் வரை: ஒரே பேரரசரின் காசுகளைச் சேர்ப்பது எப்படி?

வளர்பிறை (பர்மிங்காம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காசு சேர்ப்பதில் நான் புதியவள். மருந்தகம் ஒன்றில் இரவுப்பணி. மாதம் அறுபது பவுண்டுக்கு மேல் இதற்குச் செலவிட மாட்டேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கு நிற்க வேண்டும்.

2021இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நடந்த நீரோ கண்காட்சிக்குப் போனேன். சிலைகளைவிடக் காசுகளின் முன்தான் அதிக நேரம் நின்றேன். ஒன்றில் கழுத்து மெலிந்த பையன். இன்னொன்றில் தாடைக்கும் கழுத்துக்கும் எல்லையே தெரியாத அளவுக்குப் பருத்த ஆள். இரண்டும் ஒரே மனிதர். எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் மகனின் பள்ளிப் படங்களை ஆண்டுவாரியாக மாட்டியிருக்கிறேன். அதே போல ஒரு பேரரசரின் முகத்தை ஏழெட்டுக் காசுகளில் வரிசையாக வைத்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

நீரோவின் வெள்ளிக் காசுகளின் விலையைத் தேடிப் பார்த்துவிட்டுக் கணினியை மூடிவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியவை: யாரைத் தேர்ந்தெடுக்கலாம்? காசு எந்த ஆண்டு அடித்தது என்று என்னைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? லத்தீன் சுத்தமாகத் தெரியாது. எதில் ஏமாறுவேன்?

ஆற்றுமணல் (கரூர்) எழுதியது:

அம்மா, யாரை எடுக்கக் கூடாது என்பதை நான் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸும் டைபீரியஸும்தான் மிகுதி. இரண்டு பேரும் உங்களுக்கு உதவ மாட்டார்கள். அகஸ்டஸ் கி.பி. 14இல் எழுபத்தைந்து வயதில் இறந்தவர். காசில் கடைசி வரை இளைஞர்தான். ஒரு சுருக்கம் கிடையாது. டைபீரியஸ் இருபத்திரண்டு ஆண்டு ஆண்டார். வெள்ளியில் பெரும்பாலும் ஒரே அமைப்பு: முன்புறம் அவர் தலை, பின்புறம் அமர்ந்திருக்கும் ஒரு பெண். ஏழு காசு வாங்கினாலும் ஒரே காசை ஏழு முறை வாங்கியது போலத்தான் இருக்கும்.

முகத்தைப் பற்றிய பேச்சு என்பதால் ஒன்று சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மீதே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. அவற்றில் பல இப்போது இருப்பது நீங்கள் போய் வந்த அதே அருங்காட்சியகத்தில்தான். அடுத்த முறை போனால் கேட்டுப் பாருங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை அச்சுக்காரர் ஐயா வந்து சொல்வார். அவர் விழித்திருக்கும் நேரம் இது.

அச்சுக்காரர் (கோவை, சில மாதங்கள் இலண்டன்) எழுதியது:

விழித்துத்தான் இருக்கிறேன் தம்பி.

வளர்பிறை, ரோமப் பேரரசர் கரகல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. காரணத்தைச் சொல்வதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் நான் சொல்வது விளங்காது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் நகைப் பட்டறைகளுக்கு அச்சு வெட்டினேன். அதில் பெரும்பகுதி காசுமாலைக்கான லட்சுமிக் காசு. எஃகுக் கட்டியின் முகப்பில் லட்சுமியை உட்குழிவாக, இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். அச்சில் எது பள்ளமோ அது காசில் மேடு. மூக்குதான் ஆழமான பள்ளம். அச்சில் இடப்புறம் பார்க்கும் முகம் காசில் வலப்புறம் பார்க்கும். இத்தனை ஆண்டில் என் கையால் எத்தனை லட்சுமி பிறந்தாள் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் லட்சுமியின் முகம் எத்தனை முறை மாறியது என்று கேட்டால் சொல்வேன்: நான்கு முறை. நகைக்கடைக்காரர் புதிய மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போதுதான் மாறும். அதுவரை பழைய மாதிரிதான், பத்து ஆண்டு ஆனாலும்.

ரோமிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்பது காசுகளைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. அச்சு வெட்டுகிறவன் அரண்மனைக்குப் போய்ப் பேரரசரின் எதிரே உட்கார்ந்து வெட்டவில்லை. அவனுக்கு ஒரு மாதிரி வரும். அதை வைத்து அச்சு மேல் அச்சாக வெட்டுவான். அதனால் காசில் முகம் ஆண்டுக்கு ஆண்டு சீராக வளராது. சில காலம் அப்படியே நிற்கும். பிறகு திடீரென்று தாவும். பள்ளிப் படம் போல் ஆண்டுக்கொன்று தேடினால் ஏமாற்றம்தான். அந்தத் தாவல்களைத் தேடுங்கள். கரகல்லாவிடம் அவை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக் காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் வாங்கியவற்றில் பெரும்பாலானவை நாற்பது முதல் எழுபது பவுண்டுக்குள்தான்.

கதை சுருக்கமாக. கி.பி. 188இல் லியோன் நகரில் பிறந்தவர். அப்பா செப்டிமியஸ் செவரஸ், வட ஆப்பிரிக்காவின் லெப்டிஸ் மாக்னாக்காரர். அம்மா யூலியா தோம்னா, சிரியாவின் எமெசா நகரத்தவர். பையனுக்கு முதலில் வைத்த பெயர் பாசியானஸ். பிறகு அப்பா, முந்தைய பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸின் குடும்பத்தோடு தன்னை ஒட்டவைத்துக்கொள்ள, பையனுக்கும் மார்க்கஸ் அவ்ரேலியஸ் அன்டோனினஸ் என்று பெயரை மாற்றிவிட்டார். கரகல்லா என்பது அவர் விரும்பி அணிந்த, முக்காடு வைத்த கால் (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதி) நாட்டு மேலங்கியின் பெயர், பட்டப்பெயர். காசில் அந்தப் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், இருக்காது. "அன்டோனினஸ்" என்றுதான் இருக்கும்.

முதல் காசுகள் 196ஆம் ஆண்டை ஒட்டியவை. எட்டு வயது. அப்போது அவர் இளவரசர் மட்டுமே. பெரிய கண், சுருட்டை முடி, தோளில் மடிப்பு விழுந்த துணி. சிறுவயது மார்க்கஸ் அவ்ரேலியஸின் சாயல் வேண்டும் என்று சொல்லித்தான் மாதிரி செய்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே தெரியும். என்னிடம் உள்ள காசின் பின்புறம் பூசைச் சாமான்கள்: குடுவை, கரண்டி, கோடரி, வளைந்த கோல். சுற்றிலும் "செவரஸின் மகன்" என்ற பொருளில் எழுத்து. பூசைச் சாமான்களை வெட்டியவனின் கை, முகத்தை வெட்டியவனின் கையைவிடச் சுத்தம். இரண்டு பேர் என்றே நினைக்கிறேன். எங்கள் பட்டறையிலும் முகம் வெட்ட ஒருவர், எழுத்துக்கும் பூவேலைக்கும் வேறொருவர்.

198இல் பத்து வயதுகூட நிரம்பாமல் அப்பாவோடு கூட்டுப் பேரரசர் ஆகிறார். அப்போதும் முகம் குழந்தை முகம்தான், தலையில் மட்டும் வாகை மாலை ஏறிவிடுகிறது. பெரியவரின் தொப்பியைப் பேரன் எடுத்து வைத்துக்கொண்டது போல் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. பிறகு கழுத்து நீள்கிறது, கன்னச் சதை வற்றுகிறது. 202இல் பதினான்கு வயதில் பிளாட்டில்லா என்ற பெண்ணைக் கட்டி வைத்தார்கள். மூன்று ஆண்டில் அவளை நாடுகடத்தினார்கள், பிறகு கொன்றார்கள். அந்தக் காலத்துக் காசில் அவர் முகம் மொழுமொழுவென்று இருக்கிறது. அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு காதோரம் இறங்கும் மெல்லிய தாடி. அது கன்னத்திலேயே நின்றுவிடும், மோவாய் வெறுமையாக இருக்கும். 210 வாக்கில் தாடி முழுதாகச் சுற்றிவிடுகிறது. 212க்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த அந்த முகம்: நெரித்த புருவம், நெற்றியில் பள்ளம். தம்பி கெட்டாவை 211 டிசம்பரில், தாயின் மடியிலேயே கொல்லச் செய்த பிறகு வந்த முகம் இது. குற்றம் முகத்தில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசையாக இருக்கும். நான் நம்பவில்லை. படைவீரர்களுக்குப் பிடித்த முரட்டுத் தலைவனாகக் காட்டச் சொல்லி ஒரு மாதிரி வந்திருக்கிறது. அச்சுக்காரன் அதைப் பார்த்து அச்சு வெட்டியிருக்கிறான். அவ்வளவுதான்.

ஒரு தொழில் ரகசியம். அச்சில் உளி பட்டு உலோகம் போன இடம்தான் காசில் மேடாகும். அதனால் வெட்டிய அச்சில் பிறகு தாடி சேர்க்கலாம், புருவத்தை நெரிக்கலாம். தாடியை மழிக்க முடியாது. போன உலோகம் போனதுதான். பூதக்கண்ணாடியில் தாடியைப் பாருங்கள். ஒவ்வொரு மயிரும் உளி முனையின் ஒரு கீறல். முறைப்பும் அப்படித்தான், புருவத்துக்கு மேல் ஓரிரண்டு கீறல். சுண்டுவிரல் நகம் அளவுள்ள தலையில் அந்தக் கீறல் அரிசி முனை அளவு விலகினாலும் கோபம் போய்ப் பல்வலி வந்துவிடும். பல்வலிக் கரகல்லா என்னிடம் ஒருவர் இருக்கிறார். விற்க மனம் இல்லை.

ஆண்டு கண்டுபிடிப்பது. லத்தீன் வேண்டாம், முன்புற எழுத்து எப்படி முடிகிறது என்று மட்டும் பாருங்கள். "அன்டோனினஸ் ஆகஸ்டஸ்" என்று இரண்டு சொல்லும் முழுதாக இருந்தால் 199, 200. "பியுஸ் ஆக்" என்று முடிந்தால் 201 முதல் 210 வரை. அதற்குப் பின் "பிரிட்" சேர்ந்தால் 210 முதல் 213 வரை. "ஜெர்ம்" என்றால் 213 முதல் அவர் 217இல் கொலையுண்டது வரை. பிரிட் என்பது நீங்கள் இருக்கும் பிரிட்டன்தான். 208இல் குடும்பத்தோடு இங்கே போர் நடத்த வந்தார்கள். அப்பா செவரஸ் 211 பிப்ரவரியில் யார்க்கில் இறந்தார். மகளோடு யார்க்குக்குப் போனபோது அந்த பிரிட் காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மகள் சிரித்தாள்.

பின்புறத்தில் சில காசுகளில் "டிஆர் பி" என்ற எழுத்துகளுக்குப் பின் ஓர் எண் வரும். அந்த எண்ணோடு 197ஐக் கூட்டுங்கள். பதினெட்டு என்றிருந்தால் 215. இந்தக் கணக்கு கரகல்லாவுக்கு மட்டும்தான்.

இப்போது ஏமாறுவது. என் கதையையே சொல்கிறேன். 2016இல் ஒரு காசுச் சந்தையில் "பதின்மூன்று வயதுக் கரகல்லா" என்று ஒரு வெள்ளிக் காசு வாங்கினேன். அழகான பையன். தட்டில் மூன்றாம் குழியில் இரண்டு ஆண்டு இருந்தான். ஒரு நாள் பேரன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தவன், "தாத்தா, இதில் மட்டும் முன்னால் மூன்று எழுத்து அதிகமாக இருக்கிறது" என்றான். "இம்ப் அன்டோனினஸ் பியுஸ் ஆக்." இம்ப் முன்னால் வந்து பியுஸும் இருந்தால் அது கரகல்லா இல்லை, எலகபாலஸ். 218இல் பதினான்கு வயதில் பேரரசரானவர். "இவன் கரகல்லாவுக்குப் பிறந்தவன்" என்று பாட்டி படைவீரர்களிடம் கதை பரப்பித்தான் அந்தப் பையனைப் பதவியில் ஏற்றினாள். அதே பெயரை வைத்துக்கொண்டதும் அதற்காகவே. 1800 ஆண்டு கழித்து அந்தக் கதையில் நானும் விழுந்தேன். பின்புறத்தில் ஒரு நட்சத்திரம் வேறு இருந்தது. அது எலகபாலஸ் காசுகளில் அடிக்கடி வருவது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

கால்வலி எடுத்துவிட்டது, பிறகு வருகிறேன்.

நூலக மூலை (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன், நீரோவைக் கைவிடச் சொன்னதைத் தவிர. தங்கையின் மனம் நீரோவிடம்தானே போனது? டெனாரியஸை, அதாவது ரோமின் வழக்கமான வெள்ளிக் காசைத் தேடியதால்தான் விலை பயமுறுத்தியது. நீரோ காசின் எடையைக் குறைத்த 64ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை அரிதானவை. ஆனால் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடித்த நீரோ காசுகள் மலிவு. வெள்ளி என்று பெயர், செம்புக் கலப்பே அதிகம். பதின்மூன்று கிராம் அளவு எடை, பெரிய முகம். அதோடு ஒவ்வொன்றிலும் ஆட்சியாண்டு கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. எகிப்திய ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிறக்கும். பத்தாம் ஆண்டு என்றால் 63, 64. நான் 65, 66ஆம் ஆண்டுக் காசு ஒன்றை வைத்திருக்கிறேன். பின்புறம் யானைத் தலைத்தோலை அணிந்த அலெக்சாந்திரியா நகரத் தேவதை. முன்புறம் கதிர்முடி தரித்து, கழுத்துப் பருத்த நீரோ.

லியோனில் அடித்த செம்புக் காசுகளும் இருக்கின்றன. கழுத்தின் நுனியில் ஒரு சிறு உருண்டை தெரிந்தால் அது லியோன்.

அச்சுக்காரர் எழுதியது:

நூலக மூலைக்கு: அலெக்சாந்திரியாக் காசு எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே வெட்டியவன் கை வேறு, பழக்கம் வேறு. ரோமில் அடித்ததையும் அலெக்சாந்திரியாவில் அடித்ததையும் ஒரே வரிசையில் வைத்தால், மாறியது முகமா அல்லது பட்டறையா என்று தெரியாமல் போகும். ஆண்டு வரிசை வேண்டும் என்றால் அலெக்சாந்திரியாவை மட்டும் தனித் தட்டில் வையுங்கள். கரகல்லாவிலும் இந்தச் சிக்கல் உண்டு. சிரியாவின் லவோதிகேயாவில் அடித்தவை என்று வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்க காலக் காசுகளில் பையன் வேறு குடும்பத்துப் பிள்ளை போலவே இருப்பான்.

வளர்பிறைக்கு, இரவு சொல்ல விட்டுப்போனது: 215இல் அன்டோனினியானஸ் என்ற பெரிய வெள்ளிக் காசு புதிதாக வந்தது. ஐந்து கிராம் அளவு. தலையில் கதிர்முடி இருக்கும். முறைத்த முகம் அதில் விசாலமாகத் தெரியும். விலை கூடுதல். அதைக் கடைசியில் வாங்குங்கள். 215ஆம் ஆண்டு டெனாரியஸ் சிலவற்றின் பின்புறம் மருத்துவக் கடவுள் ஈஸ்குலாப்பியஸ் பாம்புக் கோலோடு நிற்பார். கரகல்லா 214இல் உடல்நலம் தேடிப் பெர்கமம் கோயிலுக்குப் போனவர். மருந்தகத்தில் வேலை செய்கிறவருக்கு அது பொருத்தம்.

வளர்பிறை எழுதியது:

ஐயா, இரவுப்பணி முடிந்து வந்து இரண்டு முறை படித்தேன். மாடிப்படியில் நின்று மகனின் படங்களை மறுபடியும் பார்த்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு அவனும் தாவித்தான் இருக்கிறான்!

விற்பனைப் பட்டியல்களில் மூன்று காசுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். சரியா என்று சொல்லுங்கள்.

முதலாவது: "அன்டோனினஸ் ஆகஸ்டஸ்", குழந்தை முகம், 3.2 கிராம், 48 பவுண்டு.
இரண்டாவது: "பியுஸ் ஆக்", தாடி இல்லை, 2.1 கிராம், ஓரத்தில் பச்சைப் புள்ளிகள், 25 பவுண்டு.
மூன்றாவது: "சிறுவன் கரகல்லா" என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் எழுத்தில் "கெட்டா" என்று படிக்க முடிகிறது. 40 பவுண்டு.

அச்சுக்காரர் எழுதியது:

முதலாவதை வாங்குங்கள். தலையில் வாகை மாலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

இரண்டாவதை விடுங்கள். அந்தக் காலத்து டெனாரியஸ் பொதுவாக மூன்று கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 2.1 என்றால், அதோடு பச்சையும் என்றால், உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு. அந்தக் காலத்துக் கள்ளக்காசாகவே இருக்கலாம், அதற்கும் சேர்ப்பவர்கள் உண்டு. உங்கள் முதல் காசாக வேண்டாம்.

மூன்றாவது தம்பிதான், விற்பவருக்குத் தெரியவில்லை. ஒரு வயதே இளையவன் என்பதால் சிறுவயதில் இருவரும் அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். ஆனால் கெட்டாவை வாங்கலாம் என்பேன். கொன்ற பிறகு அவன் பெயரையும் முகத்தையும் எங்கும் அழிக்க ஆணையிட்டார்கள். காரியா நாட்டு (இன்றைய துருக்கியில்) ஸ்ட்ராடோனிக்கேயா நகரத்தின் பெரிய செம்புக் காசுகளில் அண்ணன் தம்பி எதிரெதிரே பார்த்திருந்த இடத்தில், தம்பியின் முகம் இருந்த பாதியைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். வெள்ளியில் தப்பியவன் நாற்பது பவுண்டுக்கு வருகிறான்.

வளர்பிறை எழுதியது:

48ம் 40ம் சேர்ந்தால் 88 ஆகிறதே ஐயா. வாக்கு அறுபதுதான்.

அச்சுக்காரர் எழுதியது:

அப்படியானால் இந்த மாதம் அண்ணன். தம்பியை அடுத்த மாதம் வரை எடுத்து வைக்கச் சொல்லி விற்பவருக்கு எழுதுங்கள். பெயர் தவறு என்பதை வாங்கிய பிறகு சொல்லலாம்.